கள்ளிக்காட்டு எலியின் பரண்

ராஜஸ்தானில் வேலை என்று சொன்னதும் ஊரில் கேட்பது மூன்று கேள்விகள். ஒட்டகத்துல ஏறினியா? குடிக்கத் தண்ணி கிடைக்குதா? எங்க பாத்தாலும் கள்ளியா இருக்குமே? முதல் இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதுக்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

பாலைவனம் என்றால் மணல், நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு கள்ளி. கார்ட்டூன்களும் கௌபாய் படங்களும் சேர்ந்து இப்படி ஒரு படத்தை நம் எல்லார் மனசிலும் ஒட்டிவிட்டன. ஆனால் நான் ஜோத்பூரில் குப்பை கொட்டும் இந்தப் பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு செடியைத் தார் பாலைவனத்தில் இயற்கையாக வளர்ந்து பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது.

இங்கே பாறைக் குன்றுகளில் 'தோர்' என்று ஒரு செடி புதர் புதராக நிற்கும். சதைப்பற்றான தண்டு, முள், வறண்ட மாதங்களில் இலையே இல்லாத உடம்பு. தூரத்திலிருந்து பார்த்தால் கள்ளியேதான். ஒடித்தால் பால் வடியும். நம் சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் இந்தப் பால்கள்ளிக் கூட்டத்தைச் சேர்ந்தவை. சங்கப் பாடல்களில் பாலை வழியிலும் சுடுகாட்டிலும் வரும் கள்ளியும் இதுதான். ஆங்கிலத்தில் கேக்டஸ் என்று சொல்லும் குடும்பம் வேறு. அது ஏறக்குறைய முழுக்க முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தமானது. நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியும் கொலம்பஸுக்குப் பிறகு கடல் தாண்டி வந்ததுதான். தமிழில் இரண்டுக்கும் கள்ளி என்றே பெயர் வைத்துவிட்டோம். வறட்சியைச் சமாளிக்க வேண்டிய கட்டாயத்தில், உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே மாதிரியான உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, அவ்வளவே.

எனவே கை தூக்கி நிற்கும் கள்ளியைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் அந்தக் கள்ளிக்காட்டில் வாழும் ஒரு எலியின் கதை எனக்குக் கிடைத்தது. அந்த நிலத்தின் நாற்பதாயிரம் வருஷ வரலாற்றைச் சேர்த்து வைத்திருப்பது மனிதன் அல்ல, அந்த எலிதான். கதையின் கடைசியில் நம் ஊர்ப் புல் ஒன்றும் வருகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு கள்ளி, பல குடித்தனம்

சோனோரன் பாலைவனம் அமெரிக்காவின் அரிசோனா, கலிஃபோர்னியா மாநிலங்களிலும் மெக்சிகோவிலும் பரவிக் கிடக்கிறது. பரப்பு சுமார் 2,60,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு. குளிர்காலத்தில் கொஞ்சம், கோடையில் கொஞ்சம் என்று வருஷத்துக்கு இரண்டு முறை மழை பெய்வதால், பாலைவனம் என்ற பெயருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பச்சை இருக்கும் இடம்.

நம் மனசில் இருக்கும் கள்ளியின் பெயர் சவாரோ. இந்தப் பாலைவனத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 12 மீட்டருக்கு மேலும் வளரும். ஆனால் அவசரமே கிடையாது. முதல் எட்டு வருஷத்தில் நான்கு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். முதல் கை முளைக்க ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வருஷம் ஆகலாம். நூற்றைம்பது வருஷம் வாழ்வது சாதாரணம். வெயிலிலும் பனியிலும் கருகிப் போகாமலிருக்க, குட்டிச் சவாரோ ஏதாவது ஒரு மரத்தின் நிழலில்தான் பிழைக்கும். பெரும்பாலும் அது பாலோ வெர்டே என்ற பச்சைப் பட்டை மரம். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வளர்ந்த சவாரோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கீலா மரங்கொத்தி அதன் தண்டைக் குடைந்து பொந்து செய்யும். கள்ளி அந்தக் காயத்தைச் சுற்றிக் கெட்டியான ஒரு ஓடு வளர்த்து, தண்ணீர் கசியாமல் அடைத்துவிடும். மரங்கொத்தி காலி செய்ததும் அந்தப் பொந்துக்கு எல்ஃப் ஆந்தை குடிவரும். உலகிலேயே சிறிய ஆந்தைகளில் ஒன்று, எடை நாற்பது கிராம்தான் இருக்கும். பூ இரவில் மலரும். மெக்சிகோவிலிருந்து வலசை வரும் நீள்மூக்கு வௌவால் அதில் தேன் குடித்து மகரந்தம் சுமக்கும். இந்த வௌவாலை 1988-ல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். எண்ணிக்கை தேறி, 2018-ல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பகலில் வெண்சிறகுப் புறாக்களும் தேனீக்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பழுத்த பழத்தை அந்த மண்ணின் பழங்குடிகளான டோஹோனோ ஓதாம் மக்கள் நீண்ட கழியால் பறித்துப் பாகு காய்ச்சுவார்கள். அவர்களுக்குப் புது வருஷமே அந்தப் பழம் பழுக்கும் காலத்தில்தான் பிறக்கிறது.

தரையில் கங்காரு எலி. அது தண்ணீரே குடிக்காது என்றால் நம்ப முடிகிறதா? தின்னும் விதை உடம்பில் செரிக்கும்போது உண்டாகும் ஈரமே அதற்குப் போதும். பகலெல்லாம் வளைக்குள் கிடந்து, இரவில் இரண்டு பின்னங்காலால் தத்தித் தத்தி விதை பொறுக்கிக் கன்னத்துப் பையில் நிரப்பிக்கொண்டு போகும்.

இந்தக் குடித்தனக்காரர்களில் நம் கதாநாயகன் வேறொருவர்.

முள்ளால் கட்டிய வீடு

அமெரிக்கர்கள் அதை 'பேக்ராட்' என்பார்கள். மூட்டை கட்டும் எலி என்று வைத்துக்கொள்ளலாம். இதில் பல இனங்கள் உண்டு. கள்ளிக்காட்டில் முக்கியமானது வெண்கழுத்துப் பேக்ராட். சுமார் 200 கிராம் எடை, பெரிய கண், பெரிய காது, மயிர் மூடிய வால். வீட்டெலி என்றால் அலறுகிறவர்கள்கூட இதன் படத்தைப் பார்த்தால் 'பாவம், அழகா இருக்கே' என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த ஊர்ச் சப்பாத்திக்கள்ளிப் புதரின் அடியில் இது வீடு கட்டும். சுள்ளி, எலும்புத் துண்டு, காய்ந்த சாணி, கல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் குவிக்கும். அதற்கு மேல் சோயா என்ற கள்ளியின் துண்டுகளைக் கொண்டு வந்து பரப்பும். சோயா எப்படிப்பட்டதென்றால், பக்கத்தில் நடந்து போனாலே துண்டு துண்டாகக் கழன்று துணியில் ஒட்டிக்கொள்ளும். ஊசி முனையில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருப்பதால் பிய்த்தெடுக்கக் குறடு வேண்டும். அந்தத் துண்டுகளை இந்த எலி வாயில் கவ்வி இழுத்து வந்து, தன் வாசலைச் சுற்றி வேலி போடுகிறது. நரியும் கொயோட்டி ஓநாயும் அந்த வேலியைத் தோண்ட யோசிக்கும். எலி மட்டும் அந்த முட்களுக்கு நடுவே ஓடி விளையாடும். பாம்புக்கு இந்த வேலி பெரிய தடையில்லை என்பது வேறு விஷயம். எதற்குத்தான் நூறு சதவீதப் பாதுகாப்பு இருக்கிறது?

தாகத்துக்கும் கள்ளிதான். சதையைக் கடித்துத் தின்றால் சாப்பாடும் தண்ணீரும் ஒன்றாக ஆயிற்று. ஆனால் சப்பாத்திக்கள்ளியில் ஆக்சலேட் உப்பு ஏகமாக இருக்கிறது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு டாக்டர்கள் சில கீரைகளைத் தொடாதே என்று சொல்வது அந்த உப்புக்காகத்தான். பேக்ராட்டின் வயிற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைத்துச் செரித்துவிடுகின்றன.

இதன் விசேஷ குணம், சேர்ப்பது. ஒரு சுள்ளியைத் தூக்கிக்கொண்டு போகும் வழியில் பளபளப்பாக ஏதாவது கண்ணில் பட்டால் சுள்ளியைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். முகாம் போட்டுத் தூங்குகிறவனின் பொத்தானோ கரண்டியோ காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு சாணித் துண்டு கிடக்கும். அதனால் பண்டமாற்று எலி என்றும் ஒரு பெயர் உண்டு. எதையும் தூக்கிப் போட மனசு வராத மனிதர்களையும் அமெரிக்காவில் பேக்ராட் என்றுதான் கேலி செய்கிறார்கள். காலி ஹார்லிக்ஸ் பாட்டில், உடைந்த குடை, பழைய கேலண்டர் அட்டை வரை பரணில் ஏற்றி வைக்கும் வீட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இந்த எலி மேல் ஒரு தனிப் பாசம். :-)

தங்கம் தேடிப் போனவர்கள் தின்ற மிட்டாய்

புதரடியில் கட்டிய வீடு நாளடைவில் மழையில் மக்கிப் போகும். ஆனால் பேக்ராட் பாறை இடுக்கிலும் குகையிலும்கூடக் கூடு கட்டும். அங்கேதான் வரலாறு ஆரம்பிக்கிறது.

கூட்டின் ஒரு பக்கத்தைக் குப்பைமேடாகவும் கழிப்பிடமாகவும் வைத்துக்கொள்வது இதன் பழக்கம். தின்று மிஞ்சிய விதை, இலை, முள், புழுக்கை எல்லாம் அங்கே சேரும். அதன் மேல் சிறுநீர். பாலைவன எலியின் சிறுநீர் கொஞ்சமாகவும் கெட்டியாகவும் இருக்கும். அது காய்ந்து, படிகமாகி, அரக்கு மாதிரி பழுப்பு நிறத்தில் இறுகும். குப்பை முழுவதும் அதற்குள் சிக்கிக்கொள்ளும். ஈரம் படாத குகையாக இருந்தால் போதும், கல் மாதிரி ஆகிவிட்ட அந்தக் கட்டி பத்தாயிரம், இருபதாயிரம் வருஷம் அப்படியே இருக்கும். இலையின் நரம்பு, கள்ளியின் முள், விதையின் தோல் எதுவும் அழியாது.

1849-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று ஊர் ஊராக மக்கள் கிளம்பினார்கள் அல்லவா? அதில் ஒரு கூட்டம் குறுக்கு வழி என்று நம்பி நெவாடாவின் வறண்ட மலைகளுக்குள் மாட்டிக்கொண்டது. பசியில் வாடிய அவர்கள் பாறை இடுக்கில் பளபளவென்று உருண்டை உருண்டையாக எதையோ பார்த்தார்கள். பல நிற மிட்டாய்களை ஒட்டி வைத்தது போல இருந்தது. வாயில் போட்டால் இனிப்பு. தின்றவர்களில் சிலருக்குக் குமட்டியது. அன்றைய பயணிகளில் ஒருவரான வில்லியம் மான்லி 1894-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது. அவர்கள் தின்றது என்னவென்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அந்த மிட்டாய்க்குள் ஒரு வரலாற்று ஆவணம் இருக்கிறது என்று தெரிய இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அணுகுண்டுத் தளத்தில் ஒரு மலை

அதே நெவாடாவில் 1951 முதல் அமெரிக்க அரசு அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்து வந்தது. அந்தத் தளத்தின் செடிகொடிகளையும் விலங்குகளையும் பற்றி ஆய்வுகள் நடந்தன. ஃபிலிப் வெல்ஸ் ஒரு தாவரவியலாளர். கிளைவ் ஜோர்கென்சன் விலங்கியலாளர். 1960-களின் தொடக்கத்தில் இருவரும், அந்தப் பக்கத்து வறண்ட மலை ஒன்றில் ஜூனிபர் மரம் இருக்கிறதா என்று தேடி ஏறினார்கள். ஜூனிபர் ஓரளவு குளிரும் ஈரமும் கேட்கும் மரம். மலையில் ஒன்றுகூட இல்லை. திரும்பி வரும் வழியில் ஒரு பாறைக் குழிவில் பழைய பேக்ராட் குப்பைமேடு கண்ணில் பட்டது. உடைத்துப் பார்த்தால் உள்ளே முழுக்க ஜூனிபர் சுள்ளியும் விதையும்!

மரமே இல்லாத மலையில் எலிக்கு அது எங்கிருந்து கிடைத்தது? பேக்ராட் ரொம்ப தூரம் போகாது. பெரும்பாலும் கூட்டைச் சுற்றிச் சில பத்து மீட்டருக்குள் கிடைப்பதைத்தான் கொண்டு வரும். அப்படியானால் ஒரு காலத்தில் அந்தக் குகை வாசலிலேயே ஜூனிபர் மரம் நின்றிருக்க வேண்டும். கார்பன்-14 முறையில் காலம் கணித்தார்கள். (கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளுக்குக் காலம் சொன்ன அதே முறைதான்.) அந்த வட்டாரத்தில் எடுத்த குப்பைமேடுகளின் வயது 7,800 வருஷத்திலிருந்து 40,000 வருஷத்துக்கும் மேல் என்று வந்தது. 1964-ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியானது.

அதுவரை பழங்காலத்துத் தாவரங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஏரிச் சேற்றில் படிந்த மகரந்தத்தைத்தான் நம்பியிருந்தார்கள். பாலைவனத்தில் ஏரிகள் குறைவு. மகரந்தம் காற்றில் நூறு கிலோமீட்டர்கூட வரும். எந்தச் செடி எந்த இடத்தில் நின்றது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. எலி கொண்டு வந்த இலை அப்படியில்லை. இந்தச் செடி, இந்தச் சரிவில், இந்தக் காலத்தில் நின்றது என்று சாட்சி சொல்லும்.

வேலை முறையும் எளிமையானதுதான். கட்டியைத் தண்ணீர் வாளியில் ஊறப் போட்டால் படிகம் கரைந்துவிடும். சல்லடையில் வடித்துக் காயவைத்து, இலையையும் விதையையும் முள்ளையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தைய சிறுநீர் வாசம் அறையெங்கும் வீசும் என்பதுதான் சங்கடம். அரிசோனாவின் டூசான் நகரத்தில், 1903-ல் தொடங்கிய பாலைவன ஆய்வகத்தில், பால் மார்ட்டின், தாமஸ் வான் டெவெண்டர், ஹூலியோ பெட்டன்கோர்ட் போன்றவர்கள் இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தார்கள். அவர்கள் மூவரும் தொகுத்து 1990-ல் வெளிவந்த பெரிய நூல்தான் இந்தத் துறைக்கு இன்றும் அடிப்படை.

கள்ளிக்கு முன்னால் காடு

அந்த எலிகளின் பரணைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது இதுதான். இன்று சவாரோ நிற்கும் அரிசோனா சரிவுகளில், பனியூழிக் காலத்தில் பைன், ஜூனிபர், ஓக் மரக்காடு இருந்தது. பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே போய் நின்றால் பாலைவனம் என்றே சொல்லியிருக்க மாட்டோம். சவாரோ தெற்கே இருந்தது. உலகம் சூடாக ஆரம்பித்த பிறகு, சுமார் 10,500 வருஷத்துக்கு முன்னால்தான் அது அரிசோனாவுக்கு வந்து சேர்கிறது.

அதோடு வேறு செடிகளும் சேர்ந்து வந்தனவா என்றால், இல்லை. மேலே சொன்ன பாலோ வெர்டே மரம் அந்தச் சரிவுகளுக்கு வந்து சேர்வது சுமார் 4,500 வருஷத்துக்கு முன்னால்தான். ஆறாயிரம் வருஷம் சவாரோ வேறு ஏதோ நிழலில் குட்டி வளர்த்திருக்கிறது. இன்று ஒன்றுக்கொன்று பிறந்ததிலிருந்தே பழக்கம் மாதிரி நிற்கும் இந்தக் கூட்டம், ஒவ்வொருவராக, தனித்தனி ரயிலில் வந்து இறங்கிய கூட்டம். வெளியூர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கலுக்குக் கூடும் நம்மைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி இருபது வருஷம் முன்னால் வந்திருப்பார், நாம் போன வருஷம் வந்திருப்போம்.

சுமேரியாவில் களிமண் பலகையில் மனிதன் எழுத ஆரம்பித்து ஐயாயிரம் வருஷம் ஆகிறது. இன்றைய சோனோரன் பாலைவனக் கள்ளிக்காடு அதைவிடச் சற்று இளையது. தொன்மையானது, மாறாதது என்று நாம் நினைக்கும் ஒரு நிலம் இப்படி. தார் பாலைவனத்துக்கும் ஒரு ஈரமான கடந்த காலம் உண்டு. இங்கே பேக்ராட் கிடையாது. ஆனால் சாம்பர், தீத்வானா, லூன்கரன்சர் உப்பேரிகளின் சேற்றில் இருந்த மகரந்தத்தை வைத்து, இன்றைவிட மழை கூடுதலாகப் பெய்த காலம் ஒன்று இருந்ததை குர்தீப் சிங் 1970-களில் காட்டினார்.

பேக்ராட்டின் புழுக்கைகூட வீணாகவில்லை. பெரிய எலிக்குப் பெரிய புழுக்கை. அவற்றின் அகலத்தை அளந்து, 25,000 வருஷத்தில் எலியின் உடல் எப்படி மாறியது என்று ஃபெலிசா ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் 1995-ல் கணக்குப் போட்டார்கள். குளிர்காலத்தில் கனத்த உடம்பு, வெப்பம் கூடக் கூடச் சிறுத்த உடம்பு. மலைப்பகுதியில் வாழும் புதர்வால் பேக்ராட்டை வைத்துச் செய்த ஆய்வு இது. பெரிய உடம்பு சூட்டைப் பிடித்து வைக்கும், சின்ன உடம்பு சீக்கிரம் இழக்கும். எலி வெயிலுக்கு ஏற்பத் தன்னைத் தானே மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் அதற்கு அவகாசம் இருந்தது.

ராஜராஜன் காலத்து விறகு

மனிதர்களைப் பற்றியும் எலி சாட்சி சொல்லியிருக்கிறது. சவாரோ காட்டுக்கு வடகிழக்கே, நியூ மெக்சிகோ மாநிலத்தில் சாக்கோ பள்ளத்தாக்கு இருக்கிறது. கி.பி. 850-க்கும் 1150-க்கும் இடையில் அங்கே பியூப்ளோ மக்களின் முன்னோர் கல்லால் பிரம்மாண்டமான மாளிகைகள் கட்டினார்கள். பியூப்ளோ போனிட்டோ என்ற ஒரே கட்டடத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட அறைகள். தஞ்சையில் பெரிய கோயில் எழும்பிய 1010-ம் ஆண்டு, சாக்கோவிலும் கட்டட வேலை மும்முரமாக நடந்த காலம்.

இன்று அந்தப் பள்ளத்தாக்கில் மரம் இல்லை. கூரைக்குத் தேவைப்பட்ட உத்தரங்களில் பல, 75 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மலைகளிலிருந்து வந்தவை. சக்கரமும் இல்லை, வண்டி மாடும் இல்லை, ஆள் தூக்கித்தான் வந்திருக்க வேண்டும். அடுப்பு விறகுக்கு என்ன செய்தார்கள்? பெட்டன்கோர்ட்டும் வான் டெவெண்டரும் அங்கிருந்த பேக்ராட் குப்பைமேடுகளைப் பிரித்தார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் தொடர்ந்து பைன் ஊசியிலையும் ஜூனிபரும் வருகின்றன. மனிதர்கள் நிறையக் குடியேறிய காலத்துக்குப் பிறகு பைன் மறைந்துவிடுகிறது. மக்களே வெட்டி எரித்துத் தீர்த்திருக்க வேண்டும் என்று 1981-ல் எழுதினார்கள். காடு அழிந்ததால்தான் ஊர் அழிந்தது என்று பிறகு பலர் அதைக் கதையாகவே ஆக்கிவிட்டார்கள். ஊரை விட்டு மக்கள் போனதற்கு வறட்சி உட்பட வேறு காரணங்களும் உண்டு என்று தொல்லியலாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எலி அந்த வழக்கில் தீர்ப்பு சொல்லாது. எந்தக் காலம் வரை என்ன மரம் வாசலில் நின்றது என்பதை மட்டும் சொல்லும்.

கொழுக்கட்டைப் புல்

இப்போது நம் ஊர்ப் புல்லுக்கு வருவோம். தாராபுரம், காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்குக் கொறங்காடு தெரிந்திருக்கும். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாட்டின் உடம்பு அந்தப் புல்லில் வளர்ந்த உடம்பு. பஞ்சத்திலும் வேர் சாகாது, ஒரு மழைக்குத் தழைத்துவிடும். ராஜஸ்தானில் இதே புல்லுக்கு 'தாமன்' என்று பெயர். இங்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது அமிர்தம். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையம், நல்ல ரகங்களைத் தேர்ந்தெடுத்து இதை வளர்க்கச் சொல்லிக்கொடுக்கிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை இயற்கையாக வளரும் இந்தப் புல்லை, வறட்சி தாங்கும் மாட்டுத்தீவனம் என்று 1930-களில் அரிசோனாவில் நட்டுப் பார்த்தார்கள். பின்னால் பரவலான ரகத்தின் வித்து ஆப்பிரிக்காவிலிருந்து போனது. நம் ஊரிலிருந்து போனதல்ல. ஆனால் இனம் ஒன்றுதான். அங்கே அதற்கு பஃபல் புல் என்று பெயர். மெக்சிகோவின் சோனோரா மாநிலத்தில் கள்ளிக்காட்டைப் புல்டோசரால் அழித்து இதை விதைத்தார்கள். 1980-களுக்குப் பிறகு டூசானைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் தானாகவே ஏற ஆரம்பித்தது.

இதனால் என்ன கெடுதல்? சோனோரன் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவில் வெறும் தரை இருக்கும். மின்னல் விழுந்து ஒரு புதர் எரிந்தால் தீ அடுத்த புதருக்குத் தாவாது. அதனால் சவாரோவுக்கும் பாலோ வெர்டேவுக்கும் தீயைத் தாங்கிப் பழக்கமே இல்லை. கொழுக்கட்டைப் புல் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. காய்ந்ததும் சரிவு முழுக்க ஒரே வைக்கோல் போர். தீப்பிடித்தால் நூறு வருஷக் கள்ளியும் அதில் பொந்து வைத்த ஆந்தையும் முள்வேலி போட்ட எலியும் போய்விடும். புல் மட்டும் அடுத்த மழைக்கு வேரிலிருந்து முளைக்கும். அரிசோனா அரசு 2005-ல் இதைத் தீங்குக் களைகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கே தன்னார்வலர்கள் கடப்பாரை எடுத்துக்கொண்டு மலையேறி, இந்தப் புல்லை வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். காங்கேயத்து விவசாயி பார்த்தால் வயிறெரிவார்.

புல்லோடு வெயிலும் சேர்ந்துகொண்டது. 2023 கோடையில் ஃபீனிக்ஸ் நகரத்தில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. இரவிலும் சூடு தணியவில்லை. கள்ளி இரவில்தான் மூச்சு விடும். அந்த வருஷம் சவாரோக்கள் கை உதிர்ந்தும் அடியோடு சாய்ந்தும் விழுந்தன.

எல்லாச் செடியும் எங்கிருந்தோ வந்ததுதானே, புல்லும் வரட்டுமே என்று கேட்கலாம். எலியின் பரணைப் படித்தவர்கள் சொல்லும் பதில், வேகம். சவாரோவுக்கும் பாலோ வெர்டேவுக்கும் இடையில் ஆறாயிரம் வருஷம் இருந்தது. ஒன்று வந்து காலூன்றி, அதோடு வௌவாலும் மரங்கொத்தியும் எலியும் பழகி, பிறகு அடுத்தது வந்தது. கொழுக்கட்டைப் புல்லுக்கு ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை. ஒரு சவாரோ பிறந்து முதல் கை முளைத்து நிமிர்வதற்குள் அதன் காலடி முழுவதும் புல்லாகிவிட்டது.

நம்மில் பலருக்குப் பிள்ளைகளோ தம்பி தங்கைகளோ ஃபீனிக்ஸ் பக்கம் வேலையில் இருக்கிறார்கள். அங்கே போகும் வாய்ப்பு கிடைத்தால் ஷாப்பிங் மால் பார்த்தது போதும் என்று ஒரு நாள் டூசானுக்கு வண்டியை விடச் சொல்லுங்கள். நகரத்துக்கு வெளியே சவாரோ தேசியப் பூங்கா இருக்கிறது. காலையில் வெயில் ஏறுவதற்குள் நடந்துவிட வேண்டும். சப்பாத்திக்கள்ளி அடியில் சுள்ளியும் முள்ளும் மலையாகக் குவிந்து கிடந்தால் அது பேக்ராட் வீடு. பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், கை மட்டும் வைக்க விடாதீர்கள். ரத்தம் குடிக்கும் ஒருவகைப் பூச்சியும் அதற்குள் குடியிருக்கும். பக்கத்தில் வரகு நிறத்தில், பூனை வால் மாதிரி கதிர் வைத்த புல் நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால், கூட வந்தவர்களிடம் அதன் தமிழ்ப் பெயரைச் சொல்லுங்கள். அந்த எலி இன்றும் கூட்டைச் சுற்றிச் சில பத்து மீட்டருக்குள் கிடைப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்த்தான் சேர்த்து வைக்கிறது. அதில் இந்தப் புல்லின் கதிரும் இருக்கும்.